கோழிக் கிடங்கில் ஓர் அடுப்பு

பாடாங் செராயில்
பால்மரத்தூளை அழுத்திக் குச்சியாக்கும் ஆலையில்
எனக்கு வேலை ஈரம் பார்ப்பது.
மூட்டைக்கு ஒரு பிடி.
நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் சிவப்பு ஒட்டுத்தாள்.
பதினோரு வருடத்தில் என் கை
கருவிக்கு முன்பே எண்ணைச் சொல்லப் பழகிவிட்டது.

ஜனவரியில் ஹொக்கைடோவிலிருந்து கடிதம்.
இன்பராஜ் கைப்பேசியில் தமிழாக்கி வாசித்தான்:
மைனஸ் இருபத்து நான்கு.
அடுப்பு மூன்று முறை முயன்று
மன்னிப்புக் கேட்டு அணைந்துபோகிறது.
கண்ணாடி கறுக்கிறது. கிண்ணத்தில் சாம்பல் கல்லாகிறது.
மாமனார் மேலங்கியைக் கழற்றாமல்
அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.
உங்கள் மரம் ஈரமா?

ஈரமில்லை.
ஏழு புள்ளி இரண்டு. கையெழுத்து என்னுடையது.

வெளியே முப்பத்து நான்கு.
"ரெண்டையும் கூட்டினா பத்துதான்க்கா, நல்ல ஏர்கோன்"
என்றான் இன்பராஜ்.
நான் கழித்துப் பார்த்தேன்: ஐம்பத்தெட்டு.

ஆபீசில் ஓர் அடுப்பு உண்டு,
ஏஜெண்டு மாதிரிக்கு அனுப்பியது.
இந்த ஊரில் யாரும் பற்றவைத்ததில்லை.
ஹசிமா அதன் தலையில் பிளாஸ்டிக் ஆர்கிட் வைத்திருந்தாள்.
பூவை இறக்கி லோரியில் ஏற்றினோம்.

ஆ குவானின் உறைகோழிக் கிடங்கில் மைனஸ் பதினெட்டு.
"ரெண்டு மணி நேரம். கோழி உருகினா நீதான் காசு கட்டணும்."
முந்தின நாளே ஒரு மூட்டையை
உள்ளே உறங்க விட்டிருந்தோம்.
இன்னொன்று லோரியில், வெயிலில்.
புகைக்குழாயை ரப்பர்த் திரை வழியே வெளியே நீட்டி,
மோட்டாருக்குப் பின்பக்கமாய் மாட்டும் ஜாக்கெட்டை
அன்றுதான் நேராகப் போட்டேன்.

வெயில் மூட்டை நாலே நிமிடத்தில் பிடித்தது,
அந்தக் குளிரிலும்.
கிண்ணத்தை ஆறவிட்டு மற்றதைக் கொட்டினோம்.
பற்றுகம்பி சிவந்தது.
குச்சிகள் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.
புகை, பிறகு புகை.
கெடு முடிந்தது; அடுப்பு தானே அணைந்தது.
மீண்டும். மீண்டும்.
மூன்றாவது தடவை, பதினோராம் நிமிடத்தில்
தூக்கம் கலையாத மஞ்சளாய் ஒரு தீ.
குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகமாம்:
விசிறி அதே சுற்றுத்தான் சுற்றுகிறது,
தீயின் தலையில் விழுவதோ கூடுதல் பாரம்.
ஐந்தாம் நிலையில் வைத்தும்
என் முழங்காலுக்கு மேல் சூடு ஏறவில்லை.
தொட்டியில் மட்டும் குச்சி மளமளவென இறங்கியது.
குழாயின் முழங்கையில்
மூச்சுநீர் வழிந்து, நின்று, வெள்ளையாகி
வளையம் கட்டியது.

ஒரு பிடி அள்ளினேன்.
என் கை எதுவும் சொல்லவில்லை.
சரளைக்கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது.
சுற்றிலும் அட்டைப்பெட்டிகளில் கோழிகள்.
இன்பராஜ் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

பதில் எழுதினேன்:
மூட்டையை முந்தின இரவே வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.
கொட்டகையிலோ வாசலிலோ வேண்டாம், ஆள் படுக்கும் அறையில்.
கிண்ணத்தை நாள்தோறும் சுரண்டுங்கள்.
குழாய் முழங்கையைத் தட்டி, சத்தத்தைக் கேளுங்கள்.
கடுங்குளிரில் மூட்டைக் கணக்கு இரட்டிக்கலாம்.
கடைசியாக ஒரு வரி:
இந்த மரம் ஒருநாளும் குளிர் கண்டதில்லை,
கொஞ்சம் நேரம் கொடுங்கள்.
மேனேஜர் வோங் அந்த வரியை மட்டும் அடித்தார்.
"மரம் மேல குறை சொல்லாத."

மார்ச்சில் ஒரு படம் வந்தது. எழுத்து இல்லை.
கட்டில் ஓரம் நம் மூட்டை,
கழுத்துவரை போர்த்தியபடி.
அதன் பக்கத்தில் ஒரு வயதான பாதம், காலுறையோடு.
அடுப்பு எரிகிறதா என்பது படத்துக்குள் வரவில்லை.

எங்கள் அடுப்பு ஆபீசுக்குத் திரும்பிவிட்டது.
ஆர்கிட்டும் அதன் தலைக்கு.
கிண்ணத்தில் உறைந்திருந்த சாம்பல் கல்லை
மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
நேற்று சும்மா இருந்த நேரத்தில்
அதற்கும் ஈரம் பார்த்தேன்.
கருவி வெறும் கோடு காட்டியது.